சுனையைக் கண்டது யார்?

கோடை முற்றியதும் காட்டுக் குளம் வற்றிப்போனது. "எங்கயாவது தண்ணி இருந்தா தேடிப் பார்த்துச் சொல்லுங்க" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டது யானை.

மைனாவுக்கு வெயிலில் அலைய மனமில்லை. வழியில் கண்ட ஆமையிடம் பேச்சுக் கொடுத்தது. "கரும்பாறைக்குப் பின்னால ஒரு சுனை இருக்கு" என்றது ஆமை. அவ்வளவுதான், மைனா நேரே கூட்டத்துக்குப் பறந்தது.

"கரும்பாறைக்குப் பின்னால ஒரு சுனை! நானே கண்டுபிடிச்சேன்!"

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்ப முன்னால பற, நாங்க வர்றோம்" என்று யானை புறப்பட்டது. தாகத்தில் துவண்டு கிடந்த அதன் குட்டியும் தள்ளாடி எழுந்தது.

கரும்பாறை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட மைனாவுக்குத் தெரியாது. குட்டியின் காய்ந்த வாயைப் பார்த்ததும் மேலும் பொய் சொல்ல மைனாவுக்கு நாக்கு எழவில்லை.

"நான் பார்க்கலண்ணே. ஆமை சொன்னுச்சு."

ஆமையைக் கேட்டார்கள். "எனக்கு மீன்கொத்திதான் சொன்னுச்சு, அதுவும் போன மழைக்காலத்துல" என்றது.

மீன்கொத்தியைக் கூப்பிட்டார்கள். "சுனை வத்தல. ஆனா நேர்வழியில பாறை சரிஞ்சு கிடக்கு. என் பின்னால வாங்க, சுத்திப் போவோம்" என்றது அது.

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் வயிறு முட்டக் குடித்தார்கள். குட்டி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டே, "இதைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டது.

மைனா நனைந்த சிறகை உதறியது. "மீன்கொத்தி பார்த்துச்சு, ஆமை சொன்னுச்சு. ஊரைக் கூட்டிக் கத்தினது மட்டும் நான்!"