கெண்டைக்கால் துடிப்பு

அம்மையப்பனுக்குக் காலையிலிருந்து கெண்டைக்கால் பதினேழு தடவை துடித்துவிட்டது. பதினெட்டாவது துடிப்பில் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏ கோமு, இங்கன வந்து பாரு. சதை தன்னால குதிக்கு!"

கோமு தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். "காய்ச்சல் வந்து எந்திரிச்ச ஒடம்பு, அப்படித்தான் துடிக்கும். மூட்டு வலியும் ரெண்டு மூணு மாசம் இருக்கும்னு டாக்டர் சொன்னாவல்லா?"

"அவன் சின்னப்பய. நான் போன்ல போட்டுப் பாத்துட்டேன். இது நரம்பு வியாதி. மொதல்ல கால் துடிக்கும், பொறவு கை விழுந்துரும், கடைசியில பேச்சே வராதாம்."

"பேச்சு வராதா?" என்றாள் கோமு. அந்தக் குரலில் இருந்தது கவலையா நிம்மதியா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஆனால் அவருடைய பயம் நிஜம். டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. கட்டிலைவிட்டு எழுந்திருக்க ஐந்து நிமிஷம் ஆகிறது. மகள் சித்ரலேகா இருப்பதோ புனேயில். நாளைக்குப் படுக்கையில் விழுந்துவிட்டால் கோமு ஒருத்தியாக எத்தனை நாள் தூக்கி உட்கார வைப்பாள்? 

முப்பத்திரண்டு வருஷம் பாளையங்கோட்டை கோர்ட்டில் மனுக்களோடு மாரடித்தவர். எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு எதிராளி இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இதற்கும் ஒருத்தியைக் கண்டுபிடித்திருந்தார். வாரம் ஒருமுறை வீடு வீடாகக் கொசுப்புழு பார்த்து, தண்ணீர்த் தொட்டியில் மருந்து ஊற்ற வரும் எலிசபெத். அவள் கடமையைச் செய்யாததால்தான் தெருவில் கொசு, கொசுவால்தான் காய்ச்சல், காய்ச்சலால்தான் துடிப்பு என்று சுகாதார அலுவலகத்துக்கு இரண்டு பக்கம் புகார் எழுதிப் போட்டிருந்தார். விரல் வலித்ததால் இரண்டு பக்கம். இல்லாவிட்டால் நாலு.

அதற்கு விசாரணை இன்றைக்கு. பத்து மணிக்குச் சுகாதார ஆய்வாளர் வைத்தியலிங்கம் வந்தார். பின்னாலேயே, வாசலில் கோமுவிடம் ஏதோ பேசிவிட்டு எலிசபெத்தும் வந்தாள்.

"சார், ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது இப்படிக் கெண்டைக்கால் துடிச்சிருக்கா?" இதுதான் அம்மையப்பனின் முதல் கேள்வி.

"நான் கொசுவைப் பாக்க வந்தவன் சார். நரம்பைப் பத்தி என்ட்ட கேட்டா எப்படி? மாடியைப் பாத்திரலாமா? எலிசபெத்து, வா."

"நீங்க பாருங்க சார். நான் இங்கன நிக்கேன்" என்று அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"பாத்தியளா? ஒங்க முன்னாலயே ஏற மாட்டேங்கா. இதைத்தான் நான் எழுதினேன்!"

ஆய்வாளர் தனியாக ஏறிப் போனார். இறங்கும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர். அதிலிருந்த தண்ணீரில் பத்து இருபது புழுக்கள் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன.

"எல்லாம் ஒங்க மாடித் தொட்டிதான் சார். மூடியும் இல்ல, மருந்தும் ஊத்தல. தெருவுக்கே இங்கருந்துதான் கொசு போயிருக்கு."

கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த, எலிசபெத் வாராவாரம் கையெழுத்துப் போடும் அட்டையைப் பார்த்தார். முகம் மாறியது.

"எலிசபெத்து, மருந்து ஊத்தியாச்சுன்னு எட்டு வாரமா கையெழுத்துப் போட்டிருக்க. பாக்காமலேயா போட்ட? இல்ல, வீட்டுக்காரங்க விடலையா? விடலன்னா சொல்லு, அவங்களுக்கு நோட்டீஸ் குடுக்கணும்."

அம்மையப்பன் குனிந்து கெண்டைக்காலைத் தடவ ஆரம்பித்தார்.

எட்டு வாரமும் அவள் வந்தாள். எட்டு வாரமும் வாசலை மறித்துக்கொண்டு நின்றது அவர்தான். 'தாமிரபரணித் தண்ணிக்கு மருந்தா? மூலிகையில ஊறி வார தண்ணியாக்கும்! பேசாம கையெழுத்தப் போட்டுட்டுப் போ.'

எலிசபெத் அவரைப் பார்த்தாள். கையைப் பிசைந்துகொண்டு நின்ற கோமுவைப் பார்த்தாள்.

"நான்தான் சார் மாடிக்குப் போகல. எம்மேலதான் தப்பு."

"வேலையை விட்டே நிறுத்திருவாங்க, தெரியும்லா? ஏன் போகலன்னு காரணத்தை எழுதிக் குடு. நம்மால என்ன செய்ய முடியும்னு பாக்கேன்." ஆய்வாளர் பக்கத்து வீட்டுத் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

அம்மையப்பனின் குரல் இறங்கிப் போயிருந்தது. "ஏம்மா, நான்தான விடலை? உள்ளதச் சொல்ல வேண்டியதுதான?"

"நரம்பு வியாதியோன்னு ராத்திரியெல்லாம் ஒறங்காம கெடக்கியளாம், வாசல்ல வச்சு அம்மா சொல்லி அழுதாவ. இதுல நோட்டீஸ் வேறயா? அது அந்த வியாதி இல்ல அண்ணாச்சி. துடிப்பு பைய நின்னுரும். பயப்படாதிய."

பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். "கோர்ட்டுல இருந்தவியல்லா? நீங்களே எழுதுங்க. நான் கையெழுத்துப் போட்டுருதேன்."

அவர் பேனாவைத் திறந்தார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"மாடிக்கு ஏன் போகலன்னு என்னத்தம்மா எழுத?"

"காய்ச்சல் வந்து ரெண்டு மாசமா முட்டி மடங்கல, படியேற முடியலன்னு எழுதுங்க அண்ணாச்சி" என்றாள் எலிசபெத். "அது மட்டும் நெசந்தான்."