ரெகவரியில் கை வைத்தது யார்?

"இதுல யார் கை வெச்சது?"

கூடத்திலிருந்து கணவன் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த கரண்டியோடு ஓடி வந்தாள்.

மேஜைமேல் புது லேப்டாப் திறந்திருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் இருந்தபடியே பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு எடுக்க அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. 'இந்த வயசுல என்னத்துக்கு வேலை' என்று முனகி முனகித்தான் வாங்கிக் கொடுத்தான். கொடுத்த கையோடு ஒரு சட்டமும் போட்டான்: "ஏதாவது கோளாறு பண்ணினே, பெட்டியை எடுத்து அலமாரியில வெச்சுப் பூட்டிடுவேன். அப்புறம் வேலை கீலைன்னு வாயைத் திறக்கக் கூடாது."

"ரெகவரின்னு ஒரு டிரைவ் இருந்துச்சே, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல!"

"அது எதுக்குங்க?"

"எதுக்கா? நாளைக்கே இது படுத்துட்டா, வாங்கினப்போ இருந்த மாதிரியே திரும்ப எழுப்பிக் கொடுக்கறது அதுதான். அதுக்குன்னே டிஸ்க்ல தனியா ஒரு அறை தடுத்துக் கொடுத்திருக்கான். லேப்டாப்புக்கு அதுதான் உயிர். புரியுதா? உயிர்!"

புரிந்தது. ஒரு நாள் தாமதமாக.

நேற்று அந்த டிரைவ் மட்டும் சிவப்புக் கோட்டோடு 'இடமில்லை, இடமில்லை' என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. நிரம்பி வழிகிற டப்பாவைப் பார்த்தால் குடும்பம் நடத்துகிறவளுக்குக் கை சும்மா இருக்குமா? உள்ளே இருந்த மொத்தத்தையும் அழித்துவிட்டாள். 'நிச்சயமாகவா?' என்று அது ஒரு தடவை கேட்டது. அந்த வீட்டில் அவளிடம் அத்தனை மரியாதையாக யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே 'ஆமாம்' என்று அழுத்தினாள். "அப்பாடா, சிவப்பு ஒழிஞ்சுது!" என்று வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தாள்.

அதைக் கேட்ட ஒரே சாட்சி இப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நாரெடுத்துக்கொண்டிருந்தது. மாமியார்.

"தானா அழிஞ்சிருக்குமோ என்னவோ..." என்று இழுத்தாள் மருமகள்.

"தானா அழியறதுக்கு அது என்ன தண்ணியில எழுதின எழுத்தா? சொல்லு, நீதானே?"

சொல்லிக்கொண்டே சார்ஜர் வயரைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தான். அலமாரிச் சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

மாமியார் தொண்டையைக் கனைத்தாள்.

"அவளை ஏன்டா கேக்கறே? என்னைக் கேளு. யார் பண்ணினதுன்னு எனக்குத் தெரியும்."

போச்சு. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. இன்று காலையில்தான் டி.வி. சத்தத்தை வைத்து இருவருக்கும் ஒரு யுத்தம் நடந்து முடிந்திருந்தது. மருமகள் மனசுக்குள்ளேயே லேப்டாப்புக்குப் பூட்டுப் போட்டாள், திங்கட்கிழமைக்கும் சேர்த்து.

"நான்தான்" என்றாள் மாமியார்.

"என்னம்மா சொல்றே?"

"சிவப்பா இருந்துச்சு. கண்ணை உறுத்துச்சு. அழிச்சேன். என்ன, தூக்குல போடப் போறியா?"

கணவன் முகம் வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி இளகியது.

"அட, நீயாம்மா! இதெல்லாம் ஒரு விஷயமா? கம்பெனிக்காரன் சும்மா இடத்தை அடைச்சு வெச்சிருப்பான். யாரு அதைத் தேடப் போறாங்க? நெட்லேருந்து இறக்கிப் பென்டிரைவ்ல ஏத்தி வெச்சுக்கிட்டா முடிஞ்சுது. ஒரு விதத்துல நல்லதாப் போச்சு, எவ்வளவு இடம் கிடைச்சிருக்கு பாரு!"

"உயிருன்னியேடா?"

"அது... ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா."

சுருட்டின வயரைத் தானே பிரித்து மாட்டினான். மாட்டிவிட்டு மனைவி பக்கம் திரும்பினான்.

"அம்மா இருக்கற இடத்துல இதைத் திறந்து போட்டுட்டு நீ எங்க போனே? எல்லாம் உன்னாலதான்!"

"கத்தாதடா. அவ பாத்ரூம்கூடப் போகக் கூடாதா? போ, போய் அந்தப் பென்டிரைவை வாங்கிட்டு வர்ற வழியைப் பாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அத்தை, உங்களுக்கு இதை எந்தப் பக்கம் திறக்கணும்னுகூடத் தெரியாதே. எனக்காக எதுக்கு இவ்வளவு பெரிய பொய் சொன்னீங்க?"

மாமியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு பீன்ஸைப் படக்கென்று ஒடித்துப் போட்டாள்.

"பொய்யா? பெண்டாட்டி பண்ணினா குத்தம், அம்மா பண்ணினா கைத்தவறுன்னு அவனை வளர்த்து விட்டது யாரு? அந்தத் தப்பைத்தான் 'நான்தான்'னு ஒத்துக்கிட்டேன்."