படத்தின் மேல் ஒரு விரல்

மடத்துப் பெண்கள் இல்லத்தின் பழைய படங்களை ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியிருந்தது. அம்மா பிறக்கும் முன்பே அங்கே கொண்டுபோய் விடப்பட்டவள் பெரியம்மா. குழுப்படத்தில் கடைசியாக நிற்பவள் அவள்தான் என்று கீழே பெயர் இருந்தது. முகத்தின் மேல் ஒரு கட்டைவிரல்.

ஸ்கேன் செய்தவரின் விரலாக இருக்கும். அவரும் அந்த மடத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் காப்பகத்துக்கு நேரில் போனேன். வழியிலேயே அம்மா போனில் கேட்டாள்: "என் சாயல் இருக்காடி?"

"வேணும்னே மறைச்சீங்களாண்ணே?" என்று ஸ்கேன் செய்தவரிடம் கேட்டேன்.

"எனக்கு வேற வேலை இல்லையாம்மா? கையுறை போட்டுத்தான் தொடுவோம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னு நீங்களே பாருங்க."

ஆல்பத்தை விரித்து வைத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலால் ஸ்கேனரின் மிதியை அழுத்தினார்.

திரையில் ஆல்பத்தின் ஓரம் பழுப்பாகத் தெரிந்தது. அவர் வைத்த நீல அளவுகோலும் தெரிந்தது. விரல் மட்டும் அந்தப் பெண்களைப் போலவே கறுப்பு வெள்ளையில் இருந்தது.

அவர் தன் கட்டைவிரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை எடுங்கண்ணே."

எடுத்தார். விரல் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் இப்போது, பலமாக அழுத்திப் பிடித்தால் வெளுக்குமே, அப்படி நகம் வெளுத்திருந்தது.