முன்னுதாரணம்

கையெழுத்துக்கான கோப்பினை மேசையில் வைத்துவிட்டு அவர் நின்றார். அமைச்சர் உட்காரச் சொல்லவில்லை.

நிற்பது ஒன்றும் புதிதல்ல. சட்டக் கல்லூரியில் அரை ஆயுளை நின்றபடியே கழித்தவர். விசாரணை இல்லாமல் ஒருவனை அடைத்துவைப்பது சட்டமே அல்ல என்று தடித்த புத்தகம் எழுதியவர்.

அரசாங்கம் சட்டத்துறைச் செயலாளராக அழைத்தபோது, உள்ளே போய்த் திருத்துகிறேன் என்றார்.

திருத்தினார். பெரும்பாலும் கமாக்களை.

முதல்முறை அமைச்சர் சட்டத்தைச் சுற்றிப் போக ஒரு வழி கேட்டபோது, முடியாது என்றார். மறுநாள் காலை வழியோடு வந்து நின்றார்.

பிறகு கேட்ட அன்றே.

பிறகு கேட்பதற்கு முன்பே.

அமைச்சர் அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். அறையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

இன்றைய கோப்பில் ஒரு மாணவன். இளவழகன். விடுதிச் சோற்றில் புழு என்று தட்டோடு சாலையில் உட்கார்ந்தவன். போலீஸ் அவனைத் தடுப்புக் காவலில் வைத்திருந்தது. ஓராண்டுக்கு. அரசு ஒப்புதல் மட்டும் பாக்கி.

அமைச்சர் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"சின்னப் பையனா இருக்கான் வாத்தியாரே. அவங்க அம்மா காலைலேருந்து கேட்டுல நிக்குதாம். விட்டுடலாமா?"

இப்படி ஒரு கேள்வி அந்த அறையில் வந்ததே இல்லை.

விட்டுடலாம் சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

ஆழம் பார்க்கிறாரோ என்று யோசித்தார். பதவி நீட்டிப்பும் இதே மேசைக்குத்தான் வர வேண்டும்.

"வேணாம் சார். தப்பான முன்னுதாரணம் ஆயிடும்."

அமைச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சோற்றில் கிடந்ததைப் பார்ப்பதுபோல.

கையெழுத்துப் போட்டுக் கோப்பைத் தள்ளிவிட்டார்.

"அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போயிடுங்க, செகரட்டரி சார்."

காரில் ஏறியதும் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார்.

"அங்க ரோடு வெட்டிப் போட்டிருக்காங்க சார்" என்றார் ஓட்டுநர்.

வாசலில் கார் மெதுவாகத் திரும்பியது. காவலர்களுக்குப் பக்கத்தில் வெயிலில் இரண்டு பெண்கள். ஒருத்தி முன்னால் வந்து கைகூப்பினாள்.

பழக்கதோஷம். அவரும் கைகூப்பினார்.

அவள் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்து உலுக்கி, காரைக் காட்டி ஏதோ சொன்னாள்.