பதினைந்தாம் நம்பர் டியூப்

"அந்த டாக்டர் ஆள் பார்த்துதான் கொடுத்திருக்கார்! நிஜ மருந்து அவளுக்கு, வெத்துக் களிம்பு எனக்கு!"

பெரியவள் பொரிந்து தள்ளினாள். கணவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எது எதுன்னு டாக்டருக்கே தெரியாதாம். குலுக்கிப் போட்டுத்தானே நம்பர் கொடுத்தாங்க?"

"அப்போ அவ முதுகுத் தழும்பு மட்டும் எப்படி இப்படி அமுங்குது? என் கையைப் பாருங்க, மண்புழு ஒட்டின மாதிரி!"

வேலை பார்த்த சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்தபோது ஓரகத்திகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். பெரியவளுக்குக் கை வெந்தது, சின்னவளுக்கு முதுகு. புண் ஆறியும் தழும்பு தடித்துப்போய், அரிப்பு உயிரை வாங்கியது.

புது மருந்தைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் பெயர் கொடுத்தார்கள். பெரியவளுக்குப் பதினாலாம் நம்பர் டியூப், சின்னவளுக்குப் பதினைந்து. சில டியூபில் மருந்து, சிலதில் வெறும் களிம்பு.

"அக்கா, முதுகு எட்டல. கொஞ்சம் தடவி விடுறீங்களா?"

முகத்துக்கு நேரே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

தடவப் போனவள் சும்மா வருவாளா? இன்றைக்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒவ்வொரு தடிப்பாய் நீவிப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க வயிறு எரியும். அந்த எரிச்சலில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள். கால் மணி நேரம் போவதே தெரியாது.

பிறகு தன் கையில் அவசரமாய் ஒரு இழுப்பு. அவ்வளவுதான்.

மாதா மாதம் நர்ஸ் கேட்பாள்: "பத்துக்கு எவ்வளவு அரிப்பு?"

"மூணு," என்பாள் சின்னவள்.

"எட்டு!" என்று பல்லைக் கடிப்பாள் பெரியவள்.

ஆறு மாதம் முடிந்தது. டாக்டர் ஒட்டியிருந்த கவரைப் பிரித்தார்.

"பதினாலு, நிஜ மருந்து. பதினைந்து, வெறும் களிம்பு."

"மாத்திப் படிக்கிறீங்க டாக்டர்!"

"இல்லம்மா, சரியாத்தான் படிக்கிறேன்." அவருக்கும் ஆச்சரியம்தான். சின்னவளின் முதுகைத் திரும்பவும் பார்த்தார். "யாராவது அழுத்தித் தேய்ச்சு விட்டாங்களா?"

"தினமும் கால் மணி நேரம். எங்க அக்காதான்."

"அதான் விஷயம்! விடாம நீவி விட்டா தழும்பு இளகும், அரிப்பும் அடங்கும். கூடப்பொறந்தவங்ககூட இவ்வளவு பொறுமையாச் செய்ய மாட்டாங்கம்மா."

பெரியவளுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெளியே வந்ததும் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாசத்துல இல்லடி. பொறாமையிலதான் தேய்ச்சேன்."

"முதல் வாரமே தெரியும்க்கா. அமுக்குற அமுக்குலயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா தினமும் வந்து முதுகைக் காட்டின?"

சின்னவள் முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டாள்.

"உங்க கொழுந்தனார் அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறார்க்கா. அதைத் தொட்டது உங்க கை மட்டும்தானே?"