வரிசையில் நாற்பத்தொன்று

“இது அநியாயம், டீச்சர்!”

புகார்க் கடிதத்தை மேசைமேல் வைத்தாள் ரோசி.

காந்தலூர் மலையில் இருக்கும் அந்தக் கணினி மையத்துக்கு ஜோமோள் டீச்சர்தான் பொறுப்பு. தொலைநோக்கிகள் எடுத்த வானப் படங்கள் அங்கே குவிந்து கிடக்கும். எந்த ராத்திரிப் படம் வேண்டுமென்று கேட்டால், கணினிகள் அதைச் சுத்தம் செய்து, ஒன்றாகச் சேர்த்து அனுப்பும். கேட்கிறவர்கள் ஏராளம். அதனால் வரிசை.

“என்ன ஆச்சு ரோசி?”

“ரெண்டு ராத்திரிப் படத்துல ஒரு புள்ளி நகர்ந்திருக்கு டீச்சர். புதுச் சிறுகோளா இருக்கலாம். மூணாவது ராத்திரிப் படத்துலயும் இருந்தாத்தான் உறுதி. கண்டுபிடிச்சதை இன்னைக்கே எழுதிப் பதிவுக்கு அனுப்பலேன்னா வேற யாராவது முந்திருவாங்க. என் நம்பர் நாப்பத்தொண்ணு!”

“எல்லாரும் வரிசையிலதானே நிக்கிறாங்க?”

“ஈஸ்வரன் அண்ணன் நிக்கலையே! காலையில வந்ததும் தன் பேர்ல பன்னிரண்டு வேலை போட்டுட்டார். பன்னிரண்டும் எல்லாருக்கும் முன்னாடி!”

ஈஸ்வரன் அங்கே கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறவர். ஊழியர்கள் சொந்த விருப்பத்துக்கு மாதம் ஒருநாள் வரிசையில் நிற்காமல் படம் கேட்டுக்கொள்ளலாம். அது அவர்கள் பங்கு.

“அவர்கிட்ட கேட்டியா?”

“கேட்டேன். ‘என் பங்கு, நான் எதுக்கு வேணாலும் போடுவேன். நீ போய்ச் சாப்பிடு’ன்னுட்டார். எஸ்டேட்ல எங்க வீட்டுக்கு அடுத்த வீடு டீச்சர் அவரு! எங்கம்மாவும் அவங்கம்மாவும் ஒண்ணா கொழுந்து கிள்ளுனவங்க. அவரே இப்படிப் பண்ணலாமா?”

டீச்சர் ஈஸ்வரனைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தார்.

“பன்னிரண்டு வேலை போட்டீங்களா?”

“ஆமா டீச்சர்.”

“இந்தப் பிள்ளை தவிக்குது. கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமே?”

ஈஸ்வரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் ரெண்டே நிமிஷம் டீச்சர். முடிஞ்சிரும்.”

“பாத்தீங்களா! எவ்வளவு பிடிவாதம்!” ரோசிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் கைப்பேசியில் செய்தி வந்த மணியடித்தது. எரிச்சலோடு எடுத்துப் பார்த்தாள்.

கறுத்த வானம். அவள் கணக்குப் போட்டு வைத்திருந்த அதே இடத்தில், ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி.

“வந்துருச்சு! டீச்சர், இருக்கு! அங்கேயே இருக்கு!” குதித்தேவிட்டாள். சட்டென்று நின்றாள். “ஆனா… என் நம்பர் இன்னும் நாப்பத்தொண்ணுதானே?”

டீச்சர் தன் கணினியில் ஈஸ்வரனின் பன்னிரண்டு வேலைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பன்னிரண்டும் நீ கேட்ட அந்த மூணாவது ராத்திரியோட படங்கள்தான் ரோசி. போட்டது மட்டும் அவர் பேர்ல, அனுப்பச் சொன்னது உன் கைப்பேசிக்கு.”

ரோசி ஈஸ்வரனைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன முழிக்கிற? முதல்ல அதை அனுப்பு புள்ள” என்றார் அவர். “என்மேல புகாரை நாளைக்குக்கூடக் குடுத்துக்கலாம்.”