இல்லை என்று சொல்லும்வரை

தனுஷியா கோப்பையிலிருந்த பாலை மேசையிலிருந்த தனிக் கீபோர்டின் மேல் ஊற்றினாள். கை தவறி அல்ல. நிதானமாக, லக்‌ஷிகாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள்.

மடிக்கணினி சற்றுத் தள்ளி இருந்ததால் தப்பியது. அதன் திரையில் எண்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. 988. 989.

லக்‌ஷிகாவுக்குக் கோபம் தலைக்கேறியது. பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவள்தான். அந்தப் பெயர் பிள்ளை வந்த இந்த நாலு வாரத்தில் நாறிப்போயிருந்தது.

போனை எடுத்துக் கவுன்சிலின் சிறுவர் பராமரிப்பு அதிகாரியின் நம்பரைத் தேடினாள். பெற்றோருடன் இருக்க முடியாத பிள்ளை ஒன்றை வைத்துப் பார்க்கிறேன் என்று பெயர் கொடுத்தவள் லக்‌ஷிகாதான். தனுஷியாவை இந்தக் குரோய்டன் வீட்டில் கொண்டுவந்து விட்டவர் அந்த அதிகாரி. சரிவராவிட்டால் சொல்லுங்கள், வேறு வீடு பார்க்கலாம் என்று அன்றைக்கே சொல்லியிருந்தார்.

என்னால் முடியவில்லை. அதைச் சொன்னால் போதும்.

"அன்ரி, அது என்னத்தை எண்ணுது?"

தனுஷியாவுக்கு எட்டு வயது. பால் மேசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, அவள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலையைப் பற்றி யாராவது கேட்டால் லக்‌ஷிகாவால் சொல்லாமல் இருக்க முடியாது. கட்டிய கணவன்கூட ஒருநாளும் கேட்டதில்லை. அது சி என்ற கணினி மொழியில் அவள் எழுதிய சோதனை. ஒரு புரோகிராமுக்குள் த்ரெட்கள் எனப்படும் பல வேலை இழைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றும் தன் சொந்தத் தகவலை வைத்துக்கொள்ள எத்தனை இடம் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் அரை நொடி விட்டிருந்தாள்.

"இடம் தா, இடம் தா எண்டு கேட்டுக்கொண்டே இருக்கும். எப்ப இல்லையெண்டு சொல்லுதோ, அதோட சோதனை முடிஞ்சுது."

1024. அடுத்ததற்கு இடமில்லை என்று பதில் வந்தது. சோதனை வெற்றி.

தனுஷியா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு லக்‌ஷிகாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"எனக்கு இண்டைக்கு இருபத்தேழு," என்றாள். "போன வீட்டில ஆறிலயே இல்லையெண்டு சொல்லிப்போட்டினம்."

லக்‌ஷிகாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. உடைந்த ஜன்னல், வெட்டிய திரைச்சீலை, டொய்லெட்டுக்குள் போட்ட கார்ச் சாவி. செய்த குழப்படிகளை ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள் இந்தப் பிள்ளை.

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

பிரிட்ஜைத் திறந்து, கோப்பை நிறையப் பாலை ஊற்றி அவள் கையில் கொடுத்தாள். மடிக்கணினியை நகர்த்தவில்லை.